பக்கத்துத் தெரு மூடி

ஐப்பசி, திங்கள்கிழமை

பள்ளிவாசல் தெருவில் பாதாளச் சாக்கடை மூடி உடைந்து கிடப்பதாக நூர்ஜஹான் அக்கா மூன்று முறை புகார் கொடுத்துவிட்டார். இன்றைக்குள் முடிக்கச் சொல்லி நகராட்சி ஆபீசில் என்னை நெருக்கினார்கள். புது மூடி இன்னும் வரவில்லை. பக்கத்துத் தெரு மூடியைப் படம் எடுத்து நகராட்சிப் புகார் ஆப்பில் ஏற்றி, ‘சரிசெய்யப்பட்டது’ என்று போட்டுவிட்டேன்.

சாயங்காலம் கடலூரில் மகள் வீட்டிலிருந்து அக்கா போன் செய்தார். “மெசேஜ் வந்துச்சு தம்பி, நல்லா இருப்பே. அங்க வீட்டுல இருக்குற பேரப்புள்ளைங்ககிட்ட, இனிமே சுத்திப் போவ வேணாம், நம்ம தெரு வழியாவே காலைல ட்யூஷன் போங்கன்னு சொல்லிட்டேன்.”

“சரிக்கா” என்றேன்.

மழை விடவில்லை. தண்ணீர் நின்றால் குழி தெரியாது. ராத்திரி கூப்பிட்டுப் பார்த்தேன், அக்கா எடுக்கவில்லை. குழியருகே போய் நிற்க காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். ட்யூஷன் எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவே இல்லை.