சம்பந்தி வீட்டு அரக்குக் குஷன்

சம்பந்தியம்மா,

உங்கள் கருமாதிக் காரியம் முடிந்து வந்த என் மகள், பையிலிருந்து அந்த அரக்குக் கலர் குஷனை எடுத்தாள். "அத்தை இதை உனக்குக் குடுக்கச் சொன்னாங்கம்மா." உங்கள் வீட்டுச் சாம்பிராணி வாசனை அதில் அப்படியே இருக்கிறது. முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதேன்.

நம் சிநேகம் சண்டையில்தானே தொடங்கியது! மகளின் வளைகாப்பன்று உங்கள் வீட்டில் காலையிலிருந்து நான் நின்றுகொண்டே இருந்தேன். பந்திக்குக் கூப்பிட்டும் உட்காரவில்லை. பெண்ணைப் பெற்றவள் சாப்பிட உட்காராவிட்டால், முறை செய்ததில் குறை கண்டு முறுக்கிக்கொண்டாள் என்றுதானே ஊர் பேசும்? உங்களுக்கு வந்ததே கோபம்! "ஏங்க, எங்க வீட்டு நாற்காலி உங்க தகுதிக்குப் பத்தலையா?" என்று சபையில் கேட்டுவிட்டீர்கள்.

நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். விடாமல் பின்னாலேயே வந்தீர்கள். அழுதபடி எல்லாவற்றையும் கொட்டினேன். கர்ப்பப்பை இறங்கியதற்கு ஆபரேஷன் செய்து, தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு வலை வைத்ததையும், அன்றிலிருந்து உட்கார்ந்தால் பிளேடு அறுப்பதுபோல் வலிப்பதையும், புடவையில் கறை படுவதையும்.

"டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"கேட்டாருங்க. எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னாரு. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"அடுத்த தடவை?"

"அப்பவும் அதேதாங்க."

தலையில் அடித்துக்கொண்டீர்கள். "நல்லா இருக்கிற லட்சணமா இது!"

மறு வாரமே தஞ்சாவூரில் ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனீர்கள். என் வீட்டுக்காரரும் கூடவே அறைக்குள் வந்தார். "சம்பந்தி, கீழ போய் ஒரு காபி குடிச்சுட்டு வாங்க" என்றீர்கள். அவர் தயங்கினார். "டிகாக்‌ஷன் ஆறிடும், போங்க." போய்விட்டார், பாவம்.

வலையின் ஓரம் சதையை அறுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. முழுவதும் எடுப்பது கஷ்டம், உறுத்துகிற பகுதியை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். பிறகு, இதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "வேணாம்மா, மானம் போயிடும்."

"உங்க பேர் வெளியில வராதும்மா. வெளிநாட்டுல சில இடங்கள்ல இப்படி வைக்கிறதையே நிறுத்திட்டாங்க. வலி பட்ட பொம்பளைங்க வாயைத் திறந்ததாலதான். இங்க எல்லாரும் நல்லா இருக்கேன்னு சொன்னா, வலையில கோளாறுன்னு மேல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். "எழுதி அனுப்புங்க டாக்டர். இவங்க மானத்துக்கு நான் பொறுப்பு" என்றீர்கள். கூடப் பிறந்தவள்கூட எனக்காக அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

உறுத்திய பகுதியை எடுத்த பிறகு வலி பெருமளவு விட்டது. உங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் நான் உட்காரும் நாற்காலியில் இந்தக் குஷன் முன்கூட்டியே கிடக்கும். ஏன் அரக்கு நிறம் என்று நீங்கள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கறை பட்டாலும் தெரியாது. வெளிர் நிறத்தில் தைத்திருந்தால் நான் அதன்மேல் உட்கார்ந்திருக்கவே மாட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

இன்று காலை என் ஓரகத்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கும் அதே ஆபரேஷன், அதே மாதிரி வலை. பஸ்ஸில் எனக்காகக் குஷனை எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் கேட்டதும், பக்கத்தில் இருந்த புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றாள். நாற்காலி காலியாக இருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"தம்பி, நீங்க கீழ போய் ஒரு காபி குடிச்சுட்டு வாங்க" என்றேன்.

"இல்லண்ணி, நான் இருக்கேன்."

"டிகாக்‌ஷன் ஆறிடும், போங்க."

கதவு சாத்தியதும் பையிலிருந்து உங்கள் குஷனை எடுத்து அந்த நாற்காலியில் போட்டேன்.

"உட்காரு. இப்ப சொல்லு."