வெட்டாத பகுதி

ஜூன் 2

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். மூட மனம் வரவில்லையென்றால் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள்.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறைகிறதா பார்க்கிறேன்.

அப்பா சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்ப்பவர். துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அவருக்கு ஒழுங்காக நெட் கிடைக்கும். அதனால் வீடியோ எடுத்து அனுப்புவோம். "மங்கலா அனுப்பாத வாண்டு, ஹெச்.டி.யில அனுப்பு. உங்கம்மா முறைக்கிறது எனக்குப் பளிச்சுன்னு தெரியணும்" என்பார்.

பிப்ரவரியில் அம்மாவுக்கு மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் தப்பித்தன, பேச்சு மாட்டிக்கொண்டது. ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். அப்பாவுக்கு 'பிரஷர், ரெண்டு நாள் ஆஸ்பத்திரி' என்று மட்டும்தான் தெரியும்.

"முழுசா… சொன்னா… கடல்ல குதிச்சு… நீந்தி… வந்துடுவாரு. நீ… வெட்டி ஒட்டிடு" என்றாள் அம்மா.

வெட்டி ஒட்டினேன். திணறும் இடங்களை எல்லாம் எடுத்துவிடுவேன். வெட்டிய இடத்தில் தலை திடீரென்று துள்ளும். அதை மறைக்கப் பால்கனிச் செடியையோ பக்கத்து வீட்டுப் பூனையையோ வைப்பேன். குரல் மட்டும் அடியில் ஓடும். உதட்டின் இடது ஓரம் இறங்குவது ஹெச்.டி.யில் அப்படியே தெரியும் என்பதால் வலது பக்கத்திலிருந்தே எடுப்பேன். எங்கள் பழைய கம்ப்யூட்டர் இரண்டு நிமிட வீடியோவுக்கே மூச்சு வாங்கும். ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால், காலையில் அம்மா செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுவாள்.

"என்ன வாண்டு, பூனையையே காட்டுற? நான் கட்டிக்கிட்டது உங்கம்மாவத்தான்" என்று போன மாதம் அனுப்பியிருந்தார். சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. அவர் வீட்டுக்கு வந்ததும் எல்லாம் தெரிந்துவிடுமே.

ஜூன் 5

இந்த மாதக் கடைசியில் அப்பா வீட்டுக்கு வர வேண்டும். இன்று செய்தி: "கம்பெனி இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லுது. அம்மா இப்பல்லாம் முன்னவிட நல்லாவே பேசுறா, எனக்கும் தைரியமா இருக்கு. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடட்டுமா?"

முன்னவிட நல்லா பேசுறாளாம்!

அம்மா அதை மெதுவாகப் படித்தாள். 'சரி' என்று பதில் அனுப்பச் சொன்னாள்; அனுப்பினேன். அவள் திணறாமல் சொல்லும் ஒரே வார்த்தை அதுதான். பிறகு போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

ஜூன் 6

தூக்கம் வரல. அப்பா வரலன்னா அதுக்குக் காரணம் நான்தான். நான்தானே? வேற யாரு?

ஜூன் 7

ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. வெட்டுவதற்கு முன் எடுத்த பழைய கிளிப்புகளை அழிக்க உட்கார்ந்தேன். அழிப்பதற்கு முன் ஒன்றைக் கடைசிவரை ஓடவிட்டேன்.

அம்மா "போதும்" என்று சொன்னதுமே நான் எப்போதும் வெட்டிவிடுவேன். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. கேமராவை நிறுத்தாமல் அடுப்பை அணைக்க ஓடியிருக்கிறேன். அறையில் அம்மா தனியாக. நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். உதட்டின் இரண்டு ஓரமும் தெரிகிறது.

"நீங்க… எப்ப… வருவீங்க? எனக்கு… பய… பயமா…"

என் காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள்.

இன்னொன்றைத் திறந்தேன். அதிலும் நான் எதற்கோ வெளியே போயிருக்கிறேன்; கடைசியில் அதே கேள்வி. அடுத்ததிலும். எல்லாத்தையும் நான் பார்க்காமலே வெட்டித் தள்ளியிருக்கேன். ஐயோ.

ஜூன் 8

நாளை வெள்ளிக்கிழமை.

அம்மாவிடம் கேட்டால் வேண்டாம் என்பாள். கேட்காமல் அந்தக் கிளிப்பை அனுப்பினால் அது துரோகமா? அனுப்பாமல் இருந்தால் அதுக்கு என்ன பேரு?

அனுப்பிவிட்டேன். ஒரு இடத்திலும் கை வைக்கவில்லை. கூடவே எழுதினேன்: "அப்பா, அம்மா இப்ப இப்படித்தான் பேசுறாங்க. இதுவரைக்கும் அனுப்பினதெல்லாம் நான் வெட்டினது. இத அனுப்புறது அவங்களுக்குத் தெரியாது."

பெரிய ஃபைல். ஏறி முடியும்வரை கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 9

பதில் இல்லை.

ஜூன் 10

பதில் இல்லை. போட்டிருப்பாரோ? கப்பல் கிளம்பியிருக்குமோ?

மத்தியானம் அம்மா, "வாண்டு, சோறு ஆறுது பாரு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "யாரு… பேசினது?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கேமரா கையில் இல்லை.

ஜூன் 13

வந்துவிட்டது! "கையெழுத்துப் போடல. அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டு இருந்தேன். மாசக் கடைசில வர்றேன். உன்மேல கோபம் இல்ல வாண்டு. இந்த வீடியோவ அம்மாகிட்ட குடு. வெட்டிடாத."

வாய் ஓயாத மனிதர். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு கேமரா முன் உட்கார்ந்து "நான்…" என்கிறார். நிறுத்துகிறார். மறுபடி "நான்…" அவ்வளவு நீளமான இடைவெளியை அம்மாவிடம்கூட நான் பார்த்ததில்லை. அத்தோடு நிறுத்திவிட்டேன். மீதி எனக்கானது இல்லை.

அம்மாவைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, ஓடவிட்டு, இங்கே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

சுவர் வழியாக அப்பாவின் குரல் கேட்கிறது. இப்போது அம்மா, கம்ப்யூட்டரிடமே ஏதோ பதில் சொல்கிறாள். மறுபடி முதலிலிருந்து ஓடவிடுகிறாள்.

நான்தான் அனுப்பினேன் என்று அவர் சொல்லியிருப்பார். சொல்லாமல் எப்படி? காட்டிக் குடுத்துட்டியேடின்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?

நாற்காலி நகர்கிறது. செருப்புச் சத்தம்.

தட்டுகிறாள்.

"தூங்கற மாதிரி… நடிக்காத. கேமரா… எங்கடி… வச்ச? அவருக்கு… நான் பதில்…"