கட்டாத கப்பலும் கட்டாத ஷெட்டும்

ஜூலை 17, வியாழன்

எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் தர வந்த ஜெர்மன்காரரிடம் மதியச் சாப்பாட்டில் என் படிப்பைக் காட்டினேன். இரண்டாம் உலகப்போருக்கு முன் உங்கள் கடற்படை மூன்று பேட்டில்குரூசர் போர்க்கப்பல்களுக்கு வரைபடம் போட்டது, ஆர்டரும் கொடுத்தது, ஒன்றைக்கூடக் கட்டவில்லை என்றேன். சிரித்தார். பிறகு, எங்கள் புது ஷெட்டைப் பார்க்கலாமா என்றார். பாதி எழும்பிவிட்டதாக மேனேஜர் அவருக்கு எழுதியிருந்த ஷெட். அங்கே பெயர்ப்பலகையும் எருக்கஞ்செடியும்தான் இருந்தன.

அவர் பெங்களூர் கிளம்பியதும் மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"கப்பலப் பத்தி யாருனா கேட்டாங்களா சார்? ஆர்டர் போனா உங்க செக்‌ஷன் கான்ட்ராக்ட் பசங்க அத்தன பேரும் வெளியதான். ஷெட்டு எப்ப முடியும்னு நீங்களே அவருக்கு மெயில் போடுங்க."

"எப்ப சார் முடியும்?"

"வரலாறு தெரிஞ்சவராச்சே, நல்ல தேதியா பாத்துப் போடுங்க."

பசங்களின் முகம் ஒவ்வொன்றாகக் கண்முன் வருகிறது. மெயிலில் 'டியர் சார்' வரை அடித்துவிட்டேன்.