சித்தப்பாவைத் தேடி ஒட்டிய சீட்டு

கட்டபெட்டு
14.7.1979

அன்பு மகள் தெய்வம்மாவுக்கு உன் அப்பா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுவெட்டரும் கம்பளியுமாக இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், இலங்கையில் அட்டன் பக்கத்துக் குளிரில் நீயும் மருமகனும் சின்னவளும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் அம்மா வேண்டிக்கொள்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தேயிலைக் கொழுந்து எடுப்பதில் இந்த மாதமும் அவள்தான் முதல். நான் கவ்வாத்து வெட்டப் போகிறேன், சூப்பர்வைசர் என் வேலையைப் பார்த்துவிட்டு, ஏனுங்க இருளப்பன், கவ்வாத்து வெட்டறீங்களா, செடிக்குக் கிராப்பு வெட்டறீங்களாங்க என்று கேட்டார். கிராப்பு நன்றாக வந்திருப்பதாக நானே சொல்லிவிட்டேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பா எங்கே என்று நாலு கடிதத்தில் கேட்டிருந்தாய். காத்தமுத்து எங்காவது நன்றாக இருப்பான் என்று நாலு தடவையும் ஒரே வரியில் முடித்துவிட்டேன். அஞ்சாவது கடிதத்திலும் நீ விடாமல் கேட்டதும், அம்மா என்னை மோசஸ் வாத்தியாரின் வாசகசாலைக்குத் துரத்தினாள். அவரும் எங்களைப் போல இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார், யாருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை ஒரு தாளில் எழுதி ஒட்டலாம். ரேஷன் கார்டில் பெயர் மாறியிருந்தால் யாரைப் பார்ப்பது, அட்டை கடித்த புண் ஆறாவிட்டால் என்ன போடுவது, இப்படி. தெரிந்தவர்கள் அதன் அடியிலேயே பதில் எழுதுவார்கள். சனிக்கிழமை தோறும் வாத்தியார் எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கூடலூர் பக்கம் போகிற பஸ்ஸில் கொடுத்தனுப்புவார், நாடுகாணியிலும் தேவாலாவிலும் டீக்கடைகளில் ஒட்டுவார்கள், அங்கே எழுதுகிற பதிலும் அதே வழியில் திரும்பி வரும்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்த மேதாவி அல்லவா, சுருக்கமாக எழுத வேண்டும் என்று, காத்தமுத்து எங்கே இருக்கிறார், தெரிந்தவர் சொல்லவும், அவ்வளவுதான் எழுதினேன். என் பெயரைக்கூடப் போடவில்லை. மறுவாரம் பார்த்தால் அடியில், எந்தக் காத்தமுத்து, எங்க கொழுந்து நிறுக்கற மடுவத்துலயே மூணு பேர் இருக்காங்க என்று ஒருவர், கேக்கறவர் யாருங்க, போலீஸா என்று இன்னொருவர். எனக்குக் கோபம். அதே கேள்வியை இன்னும் பெரிய எழுத்தில் புதுத் தாளில் எழுதி ஒட்டினேன். வாத்தியார் அதைக் கிழித்துவிட்டார். ஒரு கேள்விக்கு ஒரு தாள்தான், விட்டுப்போனதை அதன் அடியிலேயே தேதி போட்டு எழுத வேண்டும், எழுதியதை அடிக்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சரி என்று அடியில் எழுதினேன், இலங்கையில் கல்லுமலைத் தோட்டம், பணிய கணக்கு, அதாவது கீழ்ப் பிரிவு, வயது முப்பத்தாறு, கேட்பது அண்ணன் இருளப்பன் என்று. அதற்கும் எந்த இருளப்பன் என்றே கேட்டார்கள். தோட்டத்தில் என்னை யார் அந்தப் பெயரில் கூப்பிட்டார்கள்? வேறு வழியில்லாமல், காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டி, எரிந்துபோன மன்மதனுக்காக அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிட்ட இருளப்பன் என்று எழுதினேன். மன்மதனாகச் செத்துக்கிடந்த உன் சித்தப்பா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், அதுதான் சிரித்தேன், அதையும் எழுதினேன். அந்த வாரம் ஏழு பதில் வந்தது, எல்லாம் சிரித்த ரதி சௌக்கியமா என்றுதான். தம்பியைப் பற்றி ஒன்றுமில்லை.

எட்டாவதாக நாடுகாணியிலிருந்து ஆறுக்குட்டி என்று ஒருவர் எழுதியிருந்தார். அண்ணன் தம்பி ஒரே கப்பலில் வந்தால் ஒரே இடத்துக்குத்தானே அனுப்பியிருப்பார்கள், எப்படிப் பிரிந்தீர்கள், அதை எழுதுங்கள் என்று. அதைப் படித்த நாளிலிருந்து மூன்று வாரம் நான் வாசகசாலைப் பக்கமே போகவில்லை. கடைக்குக்கூடச் சுற்றுவழி. அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கூத்துலயே அழத் தெரியாத ஆளு, இதுல போயி அழுதுடப் போறாராக்கும், எழுதிட்டு வாங்க என்றாள்.

எழுதினேன் பாப்பா. உனக்கும் இத்தனை நாள் எழுதாததுதான். கப்பலை விட்டிறங்கி மண்டபம் முகாமில் வரிசையில் நிற்கும்போது, ஆள் அதிகமுள்ள குடும்பத்துக்கு வீடு கிடைக்க மாதக்கணக்காகும் என்று யாரோ சொன்னார்கள். அந்த வெயிலில் எனக்கு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மேசையில் இருந்தவர், பின்னால் நிற்கிறவரும் உங்கள் குடும்பமா என்று கேட்டார். இல்லை, அவன் வேறே என்று சொன்னேன். காத்தமுத்து என் முதுகுக்குப் பின்னால்தான் பெட்டியோடு நின்றான். மறுநாள் எங்களுக்கு நீலகிரிக்கு உத்தரவு வந்தது, அவனைத் திருச்சிப் பக்கம் ஏதோ மில்லுக்கு அனுப்பினார்கள். அஞ்சு வருஷமாயிற்று. உன்னைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவனை நான் வேறே என்று சொன்னேன்.

இதைப் பலகையில் எழுதினதற்கு ஒருவரும் கேலி செய்யவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பத்தாம் நாள் தேவாலா நகல் திரும்பி வந்தது, அடியில் அவன் கையெழுத்து, இன்னும் வலப்பக்கம் மேலேறிக்கொண்டே போகிற அதே கோடு. மில் வேலை ஒத்துவராமல் அவனாகவே மலையேறி இரண்டு வருஷமாகத் தேவாலாவில் தோட்ட வேலை பார்க்கிறானாம். அவன் எழுதியதை அப்படியே உனக்குத் தருகிறேன்: "மொத நாளே சீட்டப் பார்த்தேன் அண்ணே. இங்கதான் இருக்கேன்னு எழுதப் பேனாவ வாங்கிட்டேன். அப்புறம், அண்ணன் மிச்சத்த எழுதட்டும்னு திருப்பிக் குடுத்துட்டேன். பாப்பாவுக்கு இத எழுதிட்டீங்களா? எழுதிட்டு வாங்க."

அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக் காலையில் இதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே நானும் அம்மாவும் பஸ் ஏறுகிறோம். அங்கே மழை விடாமல் பெய்கிறதாம், அவனுக்கு ஒரு கம்பளி எடுத்து வைத்திருக்கிறாள்.

நீ மழையில் நனையாதே, சின்னவளுக்குக் காதை மூடிவிடு, மருமகனுக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். மறந்துவிடாதே, இந்தக் கடிதத்துக்குப் பதிலை எனக்குப் போட வேண்டாம். காத்தமுத்து, டீக்கடை ஆண்டாயி மேற்பார்வை, தேவாலா பஜார், நீலகிரி என்று போடு. திட்ட வேண்டியதை எல்லாம் விடாமல் எழுது, அவன் சத்தமாகப் படிக்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
இருளப்பன்