அந்தப் பொண்ணு கதவைத் திறந்தாளா?

அம்மா,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். பாத்திரமெல்லாம் கழுவியாச்சு, நீ சாக்குச் சொல்ல வழியில்லை.

கேட்காமல் உன் கதையை நான் வேலை செய்யும் சலூனுக்கு எடுத்துப் போனதற்காக, "இனி பேனாவையே தொடமாட்டேன்" என்று நேற்று கோபித்துக்கொண்டாய். நடந்ததைச் சொல்லவே விடவில்லை.

அங்கே சத்தமாக வாசித்தேன். முடிக்குச் சாயம் போட வந்திருந்த ஒரு டீச்சர், தலையில் சாயத்தோடு, அலசக் கூப்பிட்டும் எழவில்லை. "இரும்மா, அந்தப் பொண்ணு கதவைத் திறந்தாளா இல்லையா?" என்றார்.

"எனக்கும் தெரியாது, எங்கம்மா இன்னும் எழுதிட்டிருக்காங்க" என்றேன். சொல்லும்போதே பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதனால் இன்றைக்கும் காப்பி குடித்த கையோடு உட்கார். நன்றாக வருகிறதா என்று பார்க்காதே. வழக்கமான ஒரு பக்கம் போதும்.

மறந்துவிட்டேன்: டீச்சர் நாளைக்கும் வருகிறாராம். சாயம் போட்டு முடிந்துவிட்டது, சலூனில் அவருக்கு வேறு வேலை எதுவும் இல்லை.