உன் பெயருக்கு வரும் மெயில்கள்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போயிற்று. நாற்பது வருஷம் சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை சுமந்த கை. சாக்கின் மேல் உள்ள குறியைப் பார்த்துத்தான் எந்த அரிசி என்று சொல்வேன். நீ போன பிறகு முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்து, இப்போது காலண்டர் தாளை நானே படித்துவிட்டுக் கிழிக்கிறேன்.

கொஞ்ச நேரம் முன்னால் உன் போனில் மெயில் வந்த மணி ஒலித்தது. ஃப்ரிட்ஜின் மேல் வைத்து இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் ஓடிப் போவேன். இப்போது இந்தத் தாளை விட்டு எழுந்திருக்கவில்லை.

நம் மீனா வேலையை விட்டுவிட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தபோது, அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நீதான் விளக்கினாய். "மாசச் சந்தா வாங்கித் தொழில் பண்ணுதவங்களுக்கு வெப்சைட் வேணும். உள்ள வார பக்கம், சந்தா கட்டுத பக்கம், நிறுத்துத பக்கம், போற மெயிலு, எல்லாத்தையும் எழுதி வச்சு விக்கா. மாவு ஆட்டிக் குடுக்குத மாதிரி. இட்லியா தோசையா, அது வாங்குதவங்க பாடு."

மெயிலுக்கான தமிழ் வரிகளைச் சொன்னதும் நீதான். அவள் 'தங்களது' என்று எழுதினால் விடமாட்டாய். "போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு மக்களே, 'உங்க'ன்னு போடு." செய்ததைச் சோதித்துப் பார்க்க, சைட்டின் முதலாளி என்று சும்மா ஒரு பெயர் அவளுக்கு வேண்டியிருந்தது. உன் பெயரையும் மெயில் முகவரியையும் போட்டாள். சோதனை மெயில் வந்ததும் நீ அடுக்களையிலிருந்து போனைப் பார்த்து, "வந்துட்டு மக்களே" என்று குரல் கொடுப்பாய்.

வாங்குகிறவர் முதல் வேலையாக அந்தப் பெயரை நீக்க வேண்டும். குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். பலர் குறிப்பைப் படிக்கவில்லை. தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டு, உன்னையும் அப்படியே விட்டுவிட்டார்கள். நீ போன பிறகு மீனாவாவது அதை எடுத்திருக்க வேண்டும். அவளுக்கு மனசு வரவில்லை.

அதனால் உனக்கு மெயில் வந்துகொண்டே இருந்தது. நான் எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் முதலில் படித்தது அவற்றைத்தான். 'வணக்கம். உங்க கிட்ட புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காங்க. நல்லா பாத்துக்கிடுங்க.' உன் குரலிலேயே கேட்கும். ஒரு மெயிலைப் படிக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் மூன்று தடவை சிரித்துவிடுவேன்.

உன் வரிகளுக்குக் கீழே இன்னும் சில வரிகள் இருக்கும். அவ்வளவு தூரம் போகும் முன் களைத்துவிடுவேன். போன மாதம் ஒரு நாள் கடைசிவரை படித்தேன். ஒரு பெண்ணின் பெயர், வீட்டு எண், தெரு, போன் எண். பிரசவத்துக்குப் பிறகான உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். யாரோ ஒரு பிள்ளை பெற்றவளின் விலாசம் என் கையில். பழைய மெயில்களைத் திறந்தேன். எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் விலாசம் இருந்தது.

மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் மெயில் நின்றுவிடும். வேறு காரணம் இல்லை. நாலாம் நாள் காலையில் மீனா காபி கொண்டுவந்தபோது போனை நீட்டினேன்.

"எத்தர நாளாட்டு வருது அப்பா?"

"நான் படிக்கத் தொடங்கின நாளாட்டு."

"சொல்லியிருக்கலாம் அல்லே."

"அம்மா எழுதின மாதிரி இருந்தது மக்களே."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "விலாசம் மட்டும் இல்ல அப்பா. அம்மா அக்கவுண்டுக்கு எல்லா அதிகாரமும் உண்டு. அதுக்க பாஸ்வேர்டு எல்லா சைட்டுலயும் ஒண்ணுதான். என்கிட்ட வாங்கின யாரும் மத்தவங்க சைட்டுக்குள்ள போகலாம்."

அன்று மாலைவரை அவள் சாப்பிடவில்லை. வாங்கியவர்களுக்குக் காரணம் சொல்லாமல், அந்தப் பெயர் இல்லாத ஒன்றைப் புதுப் பதிப்பு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடலாமா என்று யோசித்தாள். உண்மையைச் சொன்னால் இனி யார் வாங்குவார்கள்?

"புதுப் பதிப்புன்னா உடனே போட்டுக்கிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"மாட்டாங்க. நானே போட மாட்டேன்."

பிறகு நடந்ததை நடந்தபடியே எழுதினாள். ஆங்கிலத்தில் அனுப்பும் முன் எனக்காகத் தமிழில் எழுதிக் காட்டினாள். 'அந்தப் பெயர் என் அம்மாவுடையது. அதை எடுக்காதது என் தவறு' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"வாசிக்கத் தெரியலையா அப்பா?"

"தெரியுது" என்றேன்.

ஒருவர் இனி அவளிடம் எதையும் வாங்கப்போவதில்லை என்று பதில் போட்டார். பலர் பேசாமல் நீக்கிவிட்டார்கள். இன்னொருவர் உன் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதிவிட்டு நீக்கினார். அதன் பிறகு புதிதாக யாரும் வாங்க வரவில்லை. மீனா நகம் கடிக்கத் தொடங்கியிருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் படித்தபோது போல.

இரண்டு பேர் பதிலே போடவில்லை. எத்தனை மெயில் அனுப்பியும், போன் செய்தும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. "நீயே உள்ள போய் எடுத்துட்டா என்ன?" என்று கேட்டேன். "கேக்காம அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறது மாதிரி அல்லே அப்பா. அதுக்குத்தானே மன்னிப்பு கேட்டிருக்கேன்" என்றாள். இன்னும் ஒரு வாரம் பார்ப்பாள். அதற்கும் பதில் இல்லையென்றால் என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

அந்த இரண்டு பேரும் சீக்கிரம் கண் திறக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவர்களிடம் சேருகிறவர்களின் விலாசம் இன்னும் இங்கே வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவர்களும் பார்த்துவிட்டால், நீ எங்கேயும் முதலாளி இல்லை. மெயில் வந்தால் கீழே உள்ளதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மேலே நீ சொன்னதை மட்டும் படிக்கிறேன். அடுத்த வாரம், மீனா சொன்ன கெடு முடியும்போது, உனக்கு மறுபடி எழுத உட்காருவேன். அதற்குள் இந்த மெயில்களும் நின்றுபோயிருக்க வேண்டும்.