மாப்பிள்ளைக்குத் தண்ணீர்

அப்பாவின் அம்முணிக்கு,

நல்லா இருக்கிறாயா என்று முதல் வரி எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன். கேட்கிற கேள்வியைப் பார்.

என் மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு ஒருநாள், உன் பச்சோந்திக் கூண்டு முன்னால் சொம்புத் தண்ணீரோடு நின்று, "குடிங்க மாப்பிள்ளை, கூச்சப்படாதீங்க" என்று உபசாரம் செய்துகொண்டிருந்தேன். கீரை கொடுக்க வந்த உன் பக்கத்து ஊட்டு ஜமீலா அக்கா அறை வாசலில் நின்றுவிட்டது. "யாருண்ணே, மாப்பிள்ளையா வந்திருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டது. கல்யாணம் ஆகாமலே போன பெண்ணின் அறையில் நின்று அப்பன் இப்படிப் பேசினால் மூளை குழம்பிவிட்டது என்றுதானே நினைப்பார்கள்? நான் நகர்ந்து கூண்டைக் காட்டினேன். மாப்பிள்ளை ஒரு கண்ணை மட்டும் உருட்டி அக்காவைப் பார்த்தது. கீரைக்கட்டைத் தரையில் வைத்துவிட்டு அக்கா போயே போய்விட்டது.

வரன் பார்க்கட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம், "ஊட்டோட மாப்பிள்ளையே கொண்டாந்துட்டேனுங்கப்பா" என்று இதைக் காட்டிச் சிரிப்பாய். நம் வேலியில் திரிகிற சாதி இல்லை, அரபு நாட்டுச் சாதி என்பாய். அந்தச் சிரிப்பில் நான் வரன் பேச்சையே விட்டுவிடுவேன்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரி ஏறினவன் நான். நின்ற தண்ணீர் அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே தெரியாது, இலையில் உருளுகிற சொட்டைத்தான் நக்கும் என்று நீ சொன்னது மண்டையில் ஏறுவதற்குள் மாப்பிள்ளைக்குக் கண் குழி விழுந்துவிட்டது. அது போடுகிற எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டியது தாகத்தில் மஞ்சளாகிவிட்டது. இப்போதெல்லாம் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த எச்சத்தைத்தான் பார்க்கிறேன். என் சர்க்கரை ரிப்போர்ட்டைக்கூட இத்தனை அக்கறையாகப் பார்த்ததில்லை.

அடுத்த கூத்து கோடையில் நடந்தது. லாரியில் தண்ணீர்க் கேனுக்கு ஈரச் சாக்குச் சுற்றுவோமே, அதே யோசனையில் கூண்டைச் சுற்றிச் சாக்கைக் கட்டி நாள் முழுக்க நனைத்தேன். நீ மாட்டி வைத்த ஈரப்பத மீட்டர் ஏற ஏற எனக்குப் பெருமை. மாப்பிள்ளை வாயைப் பிளந்து மூச்சு வாங்கியபோதுதான் மீதிப் பாடம் ஞாபகம் வந்தது. காலையில் நனைக்கணும், பகலில் காய விடணும், சாயங்காலம் திரும்ப நனைக்கணும். காயாத ஈரம் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்பாயே. சாக்கை அவிழ்த்து எறிந்தேன். பிழைத்துக்கொண்டது.

ஆனால் உங்கம்மா பயந்துவிட்டாள். யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இதுவும் நம் கையில் போவதைப் பார்க்க என்னால் ஆகாது என்றாள். நீ போனதிலிருந்து அவள் உன் அறைக்குள் கால் வைத்ததில்லை. பாதி நாள் படுக்கையை விட்டு எழுவதும் இல்லை. கோடை முடியட்டும் என்று சொல்லி வைத்தேன்.

கூண்டுக்கு மேலே நீ கட்டிவிட்ட சொட்டுக் குழாய் இன்னும் இருக்கிறது. அது சொட்டும்போது நான் திரும்பிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் உன் தலைமாட்டில் தொங்கியதும் இதே மாதிரிக் குழாய்தானே, சாமி?

இனி எழுதுவதை நீயே யோசித்துப் பார். ஒருநாள் விடிந்ததும் போனேன். கூண்டுக்குள் செம்பருத்திச் செடி ஏற்கனவே நனைந்திருந்தது. இலை நுனியில் நின்ற சொட்டை மாப்பிள்ளை நக்கிக்கொண்டிருந்தது. செடிமேல் புஸ்ஸென்று தண்ணீர் அடிக்கிற பாட்டிலை நான் மேசையின் வலப்பக்கம் வைப்பேன். அது இடப்பக்கம் இருந்தது. இந்த ஊட்டில் உனக்கு மட்டும்தான் இடக்கைப் பழக்கம்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். உங்கம்மாவுக்கு மனசு இளகிவிட்டது, கேட்டால் நிறுத்திவிடுவாள் என்று நினைத்து அவளிடம் கேட்கவில்லை. காலை வேலை அவளுக்கு, சாயங்காலம் எனக்கு என்று விட்டுவிட்டேன். மாப்பிள்ளைக்குக் கண் உப்பி வந்தது, எச்சம் வெள்ளையானது. ஒன்று மட்டும் இடித்தது. நான் உள்ளே போனால் ஒரு கண் என்மேல் இருக்கும். இன்னொரு கண் உன் காலி நாற்காலியை விட்டு அசையாது. நீ வேலை முடிந்து வரும்போது மட்டும் அதன் உடம்பில் ஏறுகிற அந்த மஞ்சள் பட்டை இப்போது விடியலில் ஏறி நிற்கிறது. யாரைக் கண்டு?

நேற்றுக் காலை உங்கம்மா தானாக எழுந்து காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

"ஏனுங்க, அத யாருக்கும் குடுத்தற வேண்டாமுங்க" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"விடியக்காலம் நீங்க அந்த ரூமுல புஸ்ஸு புஸ்ஸுனு தண்ணி அடிக்கற சத்தம் கேக்குதுங்க. அவ இருக்கறாப்பலயே இருக்குது. அதக் கேட்டுத்தான் எனக்கு எந்திரிக்கவே தோணுது."

ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். சூடு என்று நினைத்துத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். சரி, யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றேன்.

அதனால் மாப்பிள்ளை இங்கேதான் இருக்கும். தினமும் சாயங்காலம் பாட்டிலை நிரப்பி மேசையின் இடப்பக்கமே வைத்துவிடுகிறேன். உன் அறைக் கதவைச் சாத்த மாட்டேன். விடிகிற நேரத்தில் எட்டிப் பார்க்கவும் மாட்டேன். இது அப்பா உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்கம்மாவிடம் சொல்ல வந்து காப்பியோடு விழுங்கியது இவ்வளவுதான்: விடியலில் தண்ணீர் அடிப்பது நான் இல்லை.

உன் அப்பா